சந்தனத்துக்கு அடியில் இருபத்தைந்து எழுத்து

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொன்னால் அதற்கும் கோபம் வரும். நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் பதினான்கு வருஷமாகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்வது என்றால் எல்லாம்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான், எடைமேடையில் மக்காச்சோளத் தூசி அடைத்துப் பெட்டி சூடானாலும் நான், முதலாளி வீட்டு டிவியில் படம் வராவிட்டாலும் நான். இவ்வளவையும் ஒரே ஆள் பார்த்தால் கோபம் வராமல் என்ன செய்யும், நீங்களே சொல்லுங்கள்.

அதில் ஒரு வேலை, லைசென்ஸ் பார்ப்பது. எங்கள் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் ஓடும் விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியது. அதற்கு அத்தாட்சி இருபத்தைந்து எழுத்துகள். ஐந்தைந்தாகப் பிரித்து, ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கரில் அச்சிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். நாங்கள் அதைக் கீ என்போம். அந்தக் கீயைப் போட்டு ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் சின்ன ஜன்னல் ஒன்று திறந்து சங்கதியைச் சொல்லும். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகிவிட்டது என்று வந்தால் அடுத்த மேஜைக்குப் போகலாம். ஆனால் கீயில் கடைசி ஐந்து எழுத்தை மட்டும்தான் அது காட்டும். மீதி இருபதும் ஸ்டிக்கரில்தான் இருக்கும். திரையில் வரும் ஐந்தும் ஸ்டிக்கரின் கடைசி ஐந்தும் ஒன்றாக இருந்தால், இந்தப் பெட்டிக்கு வாங்கிய லைசென்ஸ் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு புரட்டாசி மாதத் தொடக்கத்தில், இதையெல்லாம் பார்த்துப் பட்டியல் அனுப்பச் சொல்லித் தணிக்கைக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. பத்து நாள் தவணை. ஒவ்வொரு பெட்டியின் திரையையும் ஸ்டிக்கரையும் படமெடுத்து இணைக்க வேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"ஏனம்மணி, நம்முளுது எல்லாமே காசு குடுத்து வாங்குனதுதானே?"

"ஆமாங்கய்யா. ஒண்ணு உடாம."

"அப்பறம் என்ன, எழுதி அனுப்பிச்சிரு. ஆனா ஒண்ணு சொல்லிப்போடறன். கம்ப்யூட்டர் வேலையைக் கோயமுத்தூருக்காரன் ஒருத்தன்கிட்ட மொத்தமா உட்டுப்போடலாம்னு மாப்ள ரொம்ப நாளாச் சொல்லீட்டு இருக்கறாரு. நாந்தான் வேண்டாம்னு தள்ளீட்டு வாரேன். இதுல ஏதாச்சும் கோளாறு வந்துச்சுன்னா அப்பறம் என்னால ஒண்ணும் பேச முடியாது."

அவர் மிரட்டவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. என் வீட்டுக்காரர் லாரி பாடி பட்டறையில் வெல்டர். ஒரு மாதம் வேலை இருக்கும், இன்னொரு மாதம் பட்டறை வாசலில் உட்கார்ந்துவிட்டு வருவார். மகள் அந்த வருஷம் பிளஸ் டூ. வீட்டில் அசையாமல் நிற்கிற ஒரே தூண் என் சம்பளம்தான். அது போனால் என்ன செய்வது என்று யோசிக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

யோசிக்க வேண்டிய காரணம் இருந்தது, அதுதான் சங்கடம். ஆறு மாதத்துக்கு முன்னால், பங்குனியில், ஒரு கோடை மழை வந்தது. மழை பத்து நிமிஷம், இடி ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் பதினோரு கம்ப்யூட்டரும் சர்வரும் கருகின. சர்வர் என்றால் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் தாய்ப் பெட்டி. தீவனக் கலவைக் கணக்கு, பண்ணைகளின் ஆர்டர், லாரி லோடு எல்லாம் அதில்தான் ஓடும். போர்டு, டிஸ்க் எல்லாம் மாற்றி நான்கு நாளில் எல்லாவற்றையும் எழுப்பி நிறுத்தினேன். பண்ணைக்காரர்கள் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்த நேரம். கீயை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்ட எங்கே பொழுது? பதினொன்றிலும் கீ இல்லாமலே விண்டோஸைப் போட்டேன். சர்வரில், சும்மா கிடைக்கிற சோதனைப் பதிப்பைப் போட்டேன். பிறகு கீயைப் போட்டு முழுசாக மாற்றிக்கொள்ளலாம், ஸ்டிக்கர்தான் பெட்டியிலேயே இருக்கிறதே என்று நினைத்தேன். அந்தப் பிறகு ஆறு மாதம் ஆகியும் வரவில்லை.

கடிதம் வந்த அன்று சர்வரில் அந்த ஒரு வரியைத் தட்டிப் பார்த்தேன். இன்னும் ஒன்பது நாள் என்று வந்தது. அந்த ஒன்பது நாளும் முடிந்தால் சோதனைப் பதிப்பு மணிக்கொரு தரம் தானாகவே அணைந்துவிடும். லோடு ஏற்றிய லாரி வாசலில் நிற்க, சர்வர் அணைந்து அணைந்து எழுந்தால், கோயமுத்தூருக்காரன் வர மாப்பிள்ளைகூடச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஸ்டிக்கரைப் பார்த்து எழுதிவிடலாம் என்று என் மேஜைக்கு அடியில் இருந்த சொந்தப் பெட்டியையே முதலில் இழுத்தேன். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் ஸ்டிக்கரைக் காணோம். உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளும் சிவப்புமாக ஓர் அடை படிந்திருந்தது. ஆயுத பூஜைப் பொட்டு. ஒரு வருஷத்துப் பொட்டு இல்லை. வருஷா வருஷம் வைத்தது, ஒன்றன் மேல் ஒன்றாகக் காய்ந்து இறுகியிருந்தது.

ஈரத்துணியை வைத்து ஊறவைத்து மெதுவாகத் துடைத்தேன். சந்தனம் வந்தது, குங்குமம் வந்தது, கூடவே கறுப்பாக மையும் கொஞ்சம் வந்தது. அடியில் ஸ்டிக்கர் வெள்ளை வெளேர் என்று சிரித்தது. எழுத்து இருந்த இடத்தில் இரண்டு மூன்று தீற்றல்கள். அவ்வளவுதான். ஐயோ கடவுளே என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்து போய் மற்ற பெட்டிகளைப் பார்த்தேன். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே அடை. சர்வரிலும்தான். துடைத்தால் மிச்சம் மீதி இருக்கும் மையும் போய்விடும் என்ற பயத்தில் எதையும் தொடவில்லை.

கீயை எங்காவது எழுதி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பெட்டியிலேயே ஒட்டியிருப்பதை எழுதுவானேன் என்று இருந்துவிட்டேன். பில்லில் கம்ப்யூட்டர் இத்தனை என்று எண்ணிக்கைதான் இருந்தது. விற்ற கடையும் மூடி நாளாகிவிட்டது.

கோபம் வந்தால் எனக்கு ஓர் ஆள் வேண்டும். அன்றைக்கு அகப்பட்டவர் எங்கள் ஆபீஸைக் கூட்டித் துடைக்கும் அக்கா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கம். புருஷன் லாரி ஓட்டப் போய்த் திரும்பி வராதவர். புருஷன் இறந்ததிலிருந்து அக்கா, ஆயுத பூஜை அன்று ஆபீஸ் முழுக்கக் கழுவி, மாவிலை கட்டி, எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் கதவோரமாகப் போய் நின்றுகொள்வார். யாரும் அவரை அங்கே நிற்கச் சொல்லவில்லை. உள்ளே வரச் சொன்னதும் இல்லை.

டீ நேரத்தில், அத்தனை பேர் முன்னாலும் அந்த அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க்கா, இந்தப் பெட்டியையெல்லாம் தொடைக்கறது நீங்கதானே?"

"நாந்தானுங்க."

"ஈரத்துணியப் போட்டு வரட்டு வரட்டுன்னு தேச்சா எழுத்து நிக்குமா? அந்த நெம்பர் இல்லீன்னா என்ர வேலையே போயிருமுங்க, தெரியுமா உங்களுக்கு? கண்ணு பொடனீலயா இருக்குது?"

"சாமி, நான் அதுக்குத்தான்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். செஞ்சது போதும்."

அக்கா டீ டம்ளர்களை அடுக்கித் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த இரண்டு நாளும் வெளிக் கிளைகளைப் பார்க்கப் போனேன். முதல் நாள் ஜலகண்டாபுரம் டெப்போ. அங்கே இருந்த இரண்டு கம்ப்யூட்டரும் லட்டுமாதிரி இருந்தன. ஸ்டிக்கர் பளிச்சென்று, திரையில் வந்த ஐந்து எழுத்தும் அதில் இருந்த ஐந்தும் ஒன்றுபோல. எனக்குச் சந்தோஷத்துக்குப் பதில் சந்தேகம்தான் வந்தது. மறுநாள் அயோத்தியாப்பட்டணம் குடோன். அங்கேயும் அப்படியே. குடோன்காரரிடம் கேட்டேன், நீங்கள் ஆயுத பூஜை கும்பிடுவதே இல்லையா என்று.

"ஏன் மேடம் இல்லாம? ஜோராக் கும்புடுவோம். பொட்டு அதோ, டிவி நெத்தியில வச்சிருக்கேன் பாருங்க." மானிட்டருக்கு மேல் விளிம்பில் நடுவாக ஒரு பொட்டு. பிறகு, என் கையில் இருந்த போனில் தலைமை ஆபீஸ் பெட்டிகளின் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நம்பர் மேல போயி யாருனா பொட்டு வைப்பாங்களா மேடம்? யாரு அந்த மவராசன்?"

மகராசன் இல்லை, மகராசி. நான்தான்.

எங்கள் ஆபீஸில் மிக்ஸர் மெஷினுக்கு முதலாளி பொட்டு வைப்பார், லாரிக்கு டிரைவர்கள் வைப்பார்கள், கம்ப்யூட்டர்களுக்கு நான் வைப்பேன். யார் யார் எதை வைத்துப் பிழைக்கிறோமோ அதற்கு அவரவர் கையால் வைப்பது எங்கள் வழக்கம். கறுப்புப் பெட்டியில் அந்த வெள்ளைக் கட்டம் பொட்டுக்காகவே விட்ட இடம்போல அழகாக இருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பெட்டிகள் வந்த முதல் வருஷத்திலிருந்து அங்கேதான் வைக்கிறேன், சந்தனத்தை வழித்துத் தாராளமாக. வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்று உத்தரவு போட்டதும் நான்தான்.

சேலத்தில் பஸ் மாறி நாமக்கல் வரும் வரை என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். மல்லூர் தாண்டும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முதல் வருஷம், பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் ஆபீஸைக் கழுவும்போது, அந்த அக்கா ஒரு துணியைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்திருந்தார். துணியில் கறுப்பாக ஏதோ இருந்தது. "சாமி, இந்தப் பெட்டீல தொடச்சா எழுத்து வருதுங்க" என்று சொன்னார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அதெல்லாம் ஒன்றும் ஆகாது, எனக்கு வேலை இருக்கிறது, போங்கள் என்றேன். அதற்குப் பிறகுதான் துடைக்கக் கூடாது என்ற உத்தரவே போட்டேன், அதுவும் எழுத்துக்காக இல்லை, பொட்டுக்காக. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் ஆபீஸுக்குப் போனேன். அக்கா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வாளிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, மொத வருசமே நீங்க எங்கிட்டச் சொன்னீங்க."

"சொன்னனுங்க."

"நான் கேக்கல."

"கேக்கலீங்க. அதானுங்க நானே டேப்பு ஒட்டிப்போட்டன்."

"என்ன டேப்பு?"

"பார்சலு ஒட்டற டேப்புங்க. அந்தக் கண்ணாடி டேப்பு. உங்க பெட்டிதான் மொதல்ல தொடச்சங்காட்டி அதுல போயிருச்சுங்க. மத்ததுலெல்லாம் தொடைக்கறதுக்கு மின்னாடியே நெம்பர் மேல ஒட்டிப்போட்டனுங்க. அப்பறம் நீங்க அதும் மேலதான் பொட்டு வெச்சீட்டு வாரீங்க."

எத்தனை வருஷம்! நான் பொட்டு வைத்ததெல்லாம் அந்த டேப்பின் மேல். அடியில் எழுத்து பத்திரமாக இருந்திருக்கிறது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்ல வந்தாக் கடிச்சுப்போடறீங்களே, சாமி."

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் நனையும் என்பதுபோலச் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே காலில் விழலாம்போல் இருந்தது. விழவில்லை. "என்னைய மன்னிச்சுருங்க்கா" என்று மட்டும் சொன்னேன். அவர், "அட, போங்க அக்கட்ட" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

சர்வர் அறையைத் திறந்தேன். ஈரத்துணி வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டு, தன் டிபன் பையிலிருந்து சின்னப் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் எடுத்தார். இரண்டு சொட்டு விட்டு விரலால் வட்டமாகத் தேய்த்தார். அடை நெகிழ்ந்து உதிர்ந்தது. முதலில் டேப்பின் ஓரம் தெரிந்தது. பிறகு ஓர் எழுத்து. பிறகு ஓர் எண். எண்ணெய் மினுமினுப்புக்கு அடியில் இருபத்தைந்தும் நேற்று அச்சடித்ததுபோல வரிசையாக நின்றன. நான் சத்தம் போட்டுப் படித்தேன். அக்காவுக்கு அந்த எழுத்துகள் தெரியாது. ஆனால் நான் படித்த ஒவ்வொரு எழுத்துக்கும் தலையை ஆட்டினார்.

அன்று மத்தியானத்துக்குள் அத்தனை பெட்டியையும் அந்த எண்ணெய்ப் பாட்டிலோடு சுற்றி வந்தோம். அவர் தேய்ப்பார், நான் படமெடுத்துக் கீயைத் தட்டுவேன். போர்டு மாற்றிய பெட்டிகள் சிலது நேராக ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் போனில் கூப்பிட்டு, திரையில் வரும் நீளமான எண்களை வாசித்து, அவர்கள் திருப்பிச் சொல்லும் எண்களைத் தட்ட வேண்டும். அதையும் பொறுமையாகச் செய்தேன். யாரிடமும் எரிந்து விழவில்லை. சர்வரை முழுப் பதிப்பாக மாற்றிக் கடைசியாக அந்த ஒரு வரியைத் தட்டியபோது ஒன்பது நாளில் ஆறு நாள் மிச்சம் இருந்தது. நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகிவிட்டது என்று அந்தச் சின்ன ஜன்னல் சொன்னது. அக்காவிடம் அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். "அப்ப உங்க வேலை நிக்குதுங்களா?" என்று கேட்டார். அந்த இரண்டு நாளும் அவருக்கும் அந்தக் கவலைதான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

மீந்தது என் பெட்டி ஒன்றுதான். பட்டியலை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். பொட்டு வைத்தது, கேட்காமல் விரட்டியது, டேப்பு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். என் பெட்டிக்குப் புது லைசென்ஸ் வாங்க வேண்டும், அது என் தப்பு என்றேன். அவர் பட்டியலைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பொட்டு வெச்ச குத்தத்துக்கெல்லாம் ஆளை அனுப்பறதுக்கு நான் என்ன மடையனா? புதுசு ஒண்ணு வாங்கிப்போடு. மாப்ளகிட்ட நான் பேசிக்கறன்." பட்டியலை என்னிடம் நீட்டிக்கொண்டே, "அந்தம்மாளை அத்தனை பேரு மின்னாடி வைஞ்சீன்னு கேள்விப்பட்டன். அதுக்கு என்ன பண்ணப் போற?" என்றார்.

இரண்டு வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. எல்லாரும் கூடியிருந்தார்கள். சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு, கதவோரம் நின்ற அக்காவிடம் போனேன். அன்றைக்கு எத்தனை பேர் முன்னால் ஏசினேனோ அத்தனை பேர் காதிலும் விழும்படி, தப்பு என்னுடையது, என் வேலையைக் காப்பாற்றியது இவர் என்று சொன்னேன். இந்த வருஷம் நீங்கள்தான் பொட்டு வைக்க வேண்டும் என்று கிண்ணத்தை நீட்டினேன்.

அக்கா பின்னால் நகர்ந்தார். "அதெல்லாம் எனக்கு வேண்டாமுங்க, சாமி. நீங்களே வெய்யுங்க." எவ்வளவு சொல்லியும் கிண்ணத்தைத் தொடவில்லை. ஆனால் என் கூடவே உள்ளே வந்தார். சர்வர் முன்னால் நான் சந்தனத்தைத் தொட்டதும் சட்டென்று குனிந்து தன் வலது கையை ஸ்டிக்கர் மேல் விரித்து மூடிக்கொண்டார்.

"நெம்பர் மேல மட்டும் வெச்சுப்போடாதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஃபினாயிலில் வெளுத்து வெடித்த கை. ஆறு வருஷமாக என் வேலையை எனக்கே தெரியாமல் மூடிப் பாதுகாத்த கை. நான் அந்தப் புறங்கையிலேயே சந்தனத்தை வைத்து, அதன் மேல் குங்குமத்தையும் வைத்தேன்.

"என்ன சாமி பண்றீங்க?" என்றார்.

"வழக்கப்படிதானுங்க்கா வெச்சிருக்கறன்" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை. பூஜை முடிந்து, பொரி வாங்கித் தின்று, எல்லாரும் கிளம்பும்போது பார்த்தேன். இடது கையால் துடைப்பத்தைப் பிடித்துக் கூட்டிக்கொண்டிருந்தார். வலது கையை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தார், பொட்டு அழியாமல்.